என் தம்பியின் பெயரில் ஒரு மன்னிப்பு

என் தம்பி இறந்த ஆறாம் மாதம், அடையாற்றில் ஒரு வீட்டுக் கூடத்தில், முன்பின் தெரியாத ஒரு அம்மாள் அவன் பெயரில் என்னை மன்னித்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. சாந்தோமில் மாதா கோயிலுக்குப் பின்தெருவில் அம்மாவும் தம்பியும் நானும் குடியிருந்தோம். அப்பா இல்லை. நான் ஒரு அச்சகத்தில் புரூப் பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி ரங்கூனில் ஒரு அரிசி ஆலைக்குக் குமாஸ்தா வேலை கேட்டு எழுதியிருந்தான். புறப்பட்டு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. அது என் கையில் கிடைத்தது. அம்மாவை என் தலையில் கட்டிவிட்டு இவன் கப்பலேறுவதா என்ற ஆத்திரத்தில் அதை டிரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில் ஒளித்தேன். வேலையில் சேரவேண்டிய நாள் தாண்டிய பிறகு அவன் கண்டுபிடித்தான். திட்டவில்லை. பேச்சை நிறுத்திவிட்டான். மூன்றாம் வாரம் விஷக்காய்ச்சல் கண்டது. படுக்கையில் தண்ணீர் வேண்டுமென்றாலும் அம்மாவைத்தான் கேட்டான். பன்னிரண்டாம் நாள் போய்விட்டான்.

அதன்பின் அம்மா என் தட்டில் சோற்றை வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் அடுக்களைக்குள் போய்விடுவாள். விடியற்காலைப் பூசைக்குத் தவறமாட்டாள். பிறகு செவ்வாய்க்கிழமை மத்தியானங்களில் எங்கோ போய்வர ஆரம்பித்தாள். விசாரித்தேன். அடையாற்றில் பென்ஷன் வாங்கிய அதிகாரி ஒருவரின் மனைவி இறந்தவர்களை வரவழைத்துப் பேசுகிறாளாம். "நீயும் ஒரு தபா வா" என்றாள் அம்மா. அவளாக என்னைக் கூப்பிட்டதே பெரிதாக இருந்தது. போனேன்.

ஜன்னல் சாத்திய கூடத்தில் ஒரு முக்காலியின்மேல் கை வைத்தபடி ஐந்தாறு பேர் உட்கார்ந்தோம். அந்த அம்மாள் கண்ணை மூடினாள். அவள் குரல் தடித்தது.

"அண்ணா, ரங்கூன் விஷயத்தை நான் மறந்துட்டேன். எனக்கு உன்மேல வருத்தம் எதுவும் இல்லை."

வருத்தம் என்ற சொல்லை என் தம்பி ஒருநாளும் சொன்னதில்லை. சுற்றியிருந்தவர்கள் என்னைப் பரிவோடு பார்த்தார்கள். அம்மா எல்லாவற்றையும் முன்பே இவர்களிடம் சொல்லியிருக்கிறாள். அவன் தராமலே செத்துப்போன ஒன்றை இவள் எப்படி எடுத்துத் தரலாம்? முக்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அது உருண்டு யாரோ ஒருவர் காலில் விழுந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அம்மா பின்னாலேயே வந்தாள். அடையாற்றுப் பாலத்தில் வைத்து அவளிடம் கத்தினேன். இது பேய் வேலை, பூசையில் நன்மை அப்பம் வாங்குகிற வாயோடு இங்கே எப்படி வருகிறாய் என்று கேட்டேன். அவள் நிதானமாக, கடிதத்தை ஒளித்ததற்கு நீ பாவசங்கீர்த்தனம் செய்தாயா என்றாள். செய்தேன், கோயில் சாமியார் மன்னித்தார், மூன்று ஜெபமாலை சொல்லச் சொன்னார் என்றேன்.

"கடுதாசிய சாமியார்கிட்டயா மறைச்ச? ஆண்டவர் பேருல அவரு மன்னிச்சா நம்புற. எம்புள்ள பேருல இந்தம்மா மன்னிச்சா மட்டும் பொய்யா?"

சாமியார் என்னை மன்னிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவர்மேலும் கோபம் வந்தது.

"அது அவன் கொரல் இல்லன்னு பெத்தவளுக்குத் தெரியாதா? அவன் மன்னிச்சுட்டான்னு யாராச்சும் சொன்னாத்தான் உன் மூஞ்சிய என்னால பாக்க முடியுது. சேசுகிட்ட தெனம் கேக்குறேன். அவரு வாயத் தொறக்கல."

சொல்லிவிட்டு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அந்த வீட்டுக்கு அவள் போவதை நான் தடுக்கவில்லை. செவ்வாய்தோறும் நானே கூட்டிப்போய் வாசலில் நின்றேன். உள்ளே கால் வைக்கவில்லை. போய்வந்த நாட்களில் நான் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்திருப்பாள். மாதம் ஒருமுறை, அங்கே போவதைப் பாவமென்று சாமியாரிடம் அறிக்கையிடுவாள். அடுத்த செவ்வாய் மறுபடியும் கிளம்புவாள். சாகும்வரை இரண்டையும் விடவில்லை.

நான் இன்றும் பூசைக்குப் போகிறேன். அந்த அம்மாளையும் சாமியாரையும் நினைத்தால் கோபம் வரத்தான் செய்கிறது. ஆனால் உள்ளே எரிவது தம்பிமேல்தான். ஒரு வார்த்தை திட்டிவிட்டாவது போயிருக்கலாம்.