வேனடியில் ஒருத்தி

ஹவ்வாவின் வீட்டு முன் அறைச் சுவரில் நாலு படங்கள் தொங்குகின்றன. தொழுகிற அறையில் படம் கூடாது என்று அவள் கணவன் இத்ரூஸ் முன் அறையில் மாட்டிவைத்தவை. நாலும் ஒரே இடத்தில் எடுத்தவை. மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக நக்கிள்ஸ் மலைக்காட்டுக்குள் ஏறினால் பிட்டவல பத்தனை என்றொரு புல்வெளி வரும். அந்தப் புல்வெளி போய்க்கொண்டே இருந்து, ஓரிடத்தில் சொல்லாமல் கொள்ளாமல் முடிந்துவிடும். அதற்குக் கீழே பள்ளத்தாக்குதான். சின்ன உலக முடிவு என்று அதற்குப் பெயர். அந்த விளிம்பில்தான் குடும்பம் வரிசையாக நிற்கிறது. படத்துக்குப் படம் பிள்ளைகள் வளர்கிறார்கள், இத்ரூஸின் தலைமயிர் குறைகிறது. ஹவ்வா எதிலும் இல்லை.

பகலில் வீட்டுக்கு வரும் பெண்கள் தேநீர் குடித்துக்கொண்டே படங்களைப் பார்த்துவிட்டு, “நீங்க எங்க ராத்தா?” என்று கேட்பார்கள்.

“படம் எடுத்தது நான்தானே” என்பாள் ஹவ்வா.

பச்சைப் பொய். அந்த நேரத்தில் இத்ரூஸ் மிளகு, கராம்புக் கடையில் இருப்பான், மறுத்துச் சொல்ல ஆளில்லை. கேமரா என்றால் எந்தப் பக்கம் அமுக்குவது என்றுகூட அவளுக்குத் தெரியாது. படங்களை எடுத்தது, வருடா வருடம் அவர்களை ஏற்றிப் போகும் வேன்காரன் ரமேஸ். படம் எடுக்கிற நேரமெல்லாம் ஹவ்வா கீழே ரோட்டோரத்தில், வேனடியில், சோற்றுச் சட்டிக்குக் காவல் இருந்தாள்.

வேன் நிற்கும் இடத்திலிருந்து விளிம்புக்குக் கால் மணி நேர நடைதான். அந்தக் கால் மணி நேரம் இருபத்தாறு வருடமாக ஹவ்வாவுக்கு வாய்க்கவில்லை.

இது எப்படித் தொடங்கியது என்றால், ஒரு பாராட்டில் தொடங்கியது. கலியாணம் முடிந்த வருடம் அவளையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்தக் குடும்பத்துக்குப் பயணம் என்றால் சாப்பாடு கூடவே வரவேண்டும். பெரிய சட்டியில் நெய்ச்சோறு, பொரித்த கோழி, அச்சாறு, வட்டலப்பம், எல்லாரும் வளைந்து உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட சஹன் தட்டுகள். வேனின் கண்ணாடிகளை மூடிவைத்தால் உள்ளே அவிந்து கறி கெட்டுப்போகும், திறந்துவைத்தால் குரங்கு வரும். ஆகவே யாராவது ஒருவர் நிற்க வேண்டும். அன்று மாமியார் அவளைப் பார்த்து, “நீ புதுப் பொண்ணு, வெயில் பட்டா கறுத்துப் போவாய், நீ இங்கினயே இரி” என்றார். கரிசனமாகத்தான் சொன்னார். அவளும் இருந்தாள். ஒரு தாட்டான் குரங்கு கோழிப் பொதியில் கைவைத்தபோது அகப்பையால் அதன் முதுகில் ஒன்று போட்டுப் பொதியை மீட்டாள். இறங்கி வந்தவர்கள் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். “ஹவ்வா இருந்தாச் சட்டிக்கு ஆபத்தில்ல” என்றான் இத்ரூஸ். பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு அது பெரிய பட்டம். வெட்கப்பட்டுக்கொண்டே வாங்கிக்கொண்டாள், பைத்தியக்காரி.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் இருந்தது. ஒரு முறை வயிற்றில் பிள்ளை, ஒரு முறை மடியில் பிள்ளை, பிறகு மாமியாரின் முழங்கால். பிள்ளையும் நடக்கத் தொடங்கி, மாமியாரும் மவுத்தாகி மண்ணுக்குப் போன பிறகு காரணம் எதுவும் மிச்சமில்லை. ஆனால் அதற்குள் காரணமே தேவைப்படாமல் போய்விட்டது. வேன் நிற்கும், கதவு திறக்கும், எல்லாரும் கால்களுக்குச் சவர்க்காரம் பூசிக்கொள்வார்கள், அட்டை ஏறாமலிருக்க. ஹவ்வாவின் காலுக்கு யாரும் சவர்க்காரம் நீட்டியதில்லை. வேறு யாராவது இருக்கட்டுமே என்று பேச்சு வந்தாலும், “அவளுக்கு அதெல்லாம் ஒரு கஷ்டமில்ல” என்று இத்ரூஸ் முடித்துவிடுவான். கெட்ட மனிதனில்லை. இறங்கி வரும்போது அவளுக்கென்று காட்டுப்பூ ஒன்றைப் பறித்துக்கொண்டு வருவான். அந்தப் பூவைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு அழுகைதான் வரும்.

இந்த வருடம் மகன் றுஸ்திக்குக் கலியாணமாகி இரண்டு மாதம். மருமகள் நிப்லா கலேவெலக்காரி. வயலும் மரக்கறித் தோட்டமும் பார்த்து வளர்ந்தவள், மலை ஏறியதே இல்லை. பயணம் நிச்சயமான நாளிலிருந்து சுவர்ப் படங்களை நின்று நின்று பார்த்தாள். “மாமி, கீழ எட்டிப் பாத்தாத் தலை சுத்துமா?” என்று ஹவ்வாவிடம் கேட்டாள்.

“பழகினாச் சுத்தாது” என்றாள் ஹவ்வா. வேறென்ன சொல்வாள்.

நிப்லா கேட்ட அந்தக் கேள்விதான் ஹவ்வாவைக் குடைந்தது. நாற்பத்தைந்து வயதாகிறது, சர்க்கரை வேறு தொடங்கிவிட்டது, முழங்கால் படியேறும்போது முனகுகிறது. இந்த வருடம் போகாவிட்டால் இனி இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. யாருக்கும் சொல்லாமல் கடைத்தெருவில் ஒரு ஜோடி கென்வஸ் சப்பாத்து வாங்கி, சஹன் தட்டுகளுக்கு அடியில், துணியில் சுற்றி ஒளித்துவைத்தாள். தன் காலுக்குத் தானே வாங்கிய சப்பாத்தை ஒளித்துவைக்கும் நிலைமையை என்னவென்று சொல்வது.

ரத்தோட்டை தாண்டி வளைவுகள் தொடங்கியதும் எல்லாரும் பாட்டுப் பாடினார்கள். ஹவ்வா தட்டுப் பெட்டியின்மேல் கால் வைத்துக்கொண்டு, என்ன சொல்லிக் கேட்பது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். நானும் வாறேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. இருபத்தாறு வருடமாக வாய்க்குள் கிடந்து அது தடித்துப்போயிருந்தது.

பிட்டவலயில் வேன் நின்றது. றுஸ்தி டிக்கட் வாங்க ஓடினான். சவர்க்காரக் கட்டி கை மாறியது. நிப்லா காற்சட்டை ஓரத்தைச் சுருட்டிவிட்டுக்கொண்டு தன் முறைக்குக் காத்திருந்தாள். ஹவ்வா குனிந்து துணிப் பொதியை அவிழ்த்துச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டாள்.

“என்ன புதுச் சப்பாத்து?” என்றான் இத்ரூஸ்.

“நானும் வாறேன்.”

“நல்லது, வா” என்றான் இத்ரூஸ். அவ்வளவு எளிதாகச் சொன்னான். முன்பே கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பான் போலிருந்தது. பிறகு வேனைத் திரும்பிப் பார்த்து, “அப்ப சட்டி?” என்றான்.

“ரமேஸ் தம்பி இரிக்கட்டுமே.”

“அவன் வராம எப்பிடி? அவன் எடுத்தாத்தானே எல்லாரும் ஃபோட்டோவுல விழலாம்.”

எல்லாரும் சட்டியைப் பார்த்தார்கள். மேலே பாதையோர மரத்தில் மூன்று குரங்குகள் தயாராக உட்கார்ந்திருந்தன. இன்னும் ஒரு நிமிடம் போனால் “சரி, நானே இரிக்கேன்” என்று தன் வாயே சொல்லிவிடும் என்று ஹவ்வா பயந்தாள். அந்தப் பயத்தில் மருமகள் பக்கம் திரும்பினாள்.

“நீ புதுப் பொண்ணு, நிப்லா. வெயில் பட்டா கறுத்துப் போவாய். நீ இங்கினயே இரியேன்.”

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று அவளுக்கு உறைத்தது. நிப்லா கையிலிருந்த சவர்க்காரத்தைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். றுஸ்தி டிக்கட்டை எண்ணிக்கொண்டிருந்தான்.

“சரி மாமி” என்றாள்.

ஹவ்வா அவசர அவசரமாக விளக்கம் சொன்னாள். “முன் கதவுப் பக்கம் நிழல் வரும், அங்க உக்காரு. குரங்கு ரோட்டால வராது, வேனுக்குப் பின்னால இரிக்கிற கல்லுல இறங்கித்தான் வரும். கல்லு எறியாத, அகப்பையால சட்டி மூடியில தட்டு, சத்தத்துக்கு ஓடும். மூத்திரம் வந்தாலும் போக ஏலா, அடக்கிக்க.” நிப்லா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

பாதை இடுப்பளவு புல்லுக்கு நடுவே போனது. ஹவ்வாவுக்கு மூச்சு வாங்கியது, முழங்கால் வலித்தது, ஆனாலும் எல்லாருக்கும் முன்னால் நடந்தாள். ஒரு திருப்பத்தில் புல் நின்றுபோனது. உலகமும் நின்றுபோனது. கீழே, எங்கேயோ ஆழத்தில், வயல்கள் பாய்த்துண்டுகளாகக் கிடந்தன. எதிரே லக்கேகல மலை தனியாக நிமிர்ந்து நின்றது. காற்று அவள் முக்காட்டைப் பிடித்து இழுத்தது. “அல்லாஹ்” என்றாள். கண்ணீர் தானாக வந்தது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. இவ்வளவு பெரியதை இத்தனை வருடம் உள்ளங்கை அகலப் படத்தில் காட்டி ஏமாற்றிவிட்டார்களே என்று கோபம் வந்தது, அந்தக் கோபமும் இனிப்பாக இருந்தது.

பின்னால் றுஸ்தி வந்து நின்றான். இந்தச் சந்தோஷத்தில் அவனிடம் கேட்டாள். “நிப்லாவுக்கு மனசு நொந்திரிக்குமோ?”

“சேச்சே. அவளுக்கு அதெல்லாம் ஒரு கஷ்டமில்ல உம்மா.”

அப்பன் குரல் அப்படியே. ஹவ்வா திரும்பி மகனைப் பார்த்தாள். அழகான பிள்ளை, தங்கமான பிள்ளை, அவள் வளர்த்த பிள்ளை. வேனடியில் உட்காரும் உம்மாவைப் பார்த்தே வளர்ந்தவன், வேறு எதைக் கற்றிருப்பான்? அந்த இடத்தில் பள்ளத்தாக்கு இருந்தது, மலை இருந்தது, ஆனால் அவளுக்கு அதற்குமேல் பார்க்கப் பிடிக்கவில்லை. இறங்கிப் போய் நிப்லாவை மேலே அனுப்ப வேண்டும் என்று காலை எடுத்துவைத்தாள்.

“எங்க போறீங்க ராத்தா? ஒரு படம், எல்லாரும் நெருங்குங்க” என்று ரமேஸ் கூப்பிட்டான். இத்ரூஸ் அவள் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். நடுவில் நிறுத்தினார்கள். முதல் தடவை என்று கைதட்டினார்கள். கழன்று போக வழியில்லை. அவள் சிரித்தாள்.

இறங்கும்போது மூடுபனி வந்துவிட்டது. இனி யாரை அனுப்பினாலும் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. வேனடியில் நிப்லா முன் கதவுப் பக்கம், நிழலில், மடியில் அகப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சஹன் தட்டுகளைக் கழுவித் துடைத்து அடுக்கிவைத்திருந்தாள். “குரங்கு வந்திச்சா?” என்று கேட்டார்கள். “கல்லு வழியா மூணு வந்திச்சு. தட்டினேன், ஓடிட்டு” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். “நிப்லா இருந்தாச் சட்டிக்கு ஆபத்தில்ல” என்றான் இத்ரூஸ், பெருமையாக. நிப்லா வெட்கத்தோடு சிரித்தாள். நான் செய்தது தவறு என்று ஹவ்வா சொல்லப் பார்த்தாள், அதற்குள் எல்லாரும் சஹனைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

ஐந்தாவது படம் சுவரில் ஏறியது. இதில் ஹவ்வா நடுவில் நின்று சிரிக்கிறாள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பலாபத்வலையிலிருந்து சொந்தக்காரி ஸக்கியா வந்தாள். இத்ரூஸும் அன்று வீட்டில் இருந்தான். ஸக்கியா புதுப் படத்தைப் பார்த்துவிட்டு, தேநீர்த் தட்டோடு வந்த நிப்லாவிடம் கேட்டாள். “எல்லாரும் நிக்கிறாங்க, மருமகளைக் காணல்லயே?”

“படம் எடுத்தது நான்தானே” என்றாள் நிப்லா.

யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

“நீ எங்க எடுத்த?” என்று சிரித்தான் இத்ரூஸ். “ரமேஸ்தானே எடுத்தது.”

நிப்லாவின் முகம் சுருங்கிப்போனது. விருந்தாளி முன்னால் பொய்க்காரியாக நின்றாள். ஹவ்வா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

“அவ எடுக்கல்ல. வேனடியில சட்டிக்குக் காவல் இருந்தா. நான்தான் அவள இருத்திட்டுப் போனேன்.”

இத்ரூஸ் மெதுவாக எழுந்து சுவரடிக்குப் போனான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பழைய படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். தாயைக் கண்டான், தம்பியைக் கண்டான், பிள்ளைகளைக் கண்டான். மறுபடியும் முதல் படத்துக்கு வந்து தேடினான்.

“அப்ப இதுலயெல்லாம் நீ எங்க, ஹவ்வா?”

நிப்லாதான் சொன்னாள்.

“மாமியும் அங்கதான் இருந்திரிக்காங்க, மாமா. வேனடியில.”