பனியில் விரித்த நிலபாவாடை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், லண்டன் ஈஸ்ட் ஹாமில் நாங்கள் வாடகை வீட்டில் இருந்த காலம். என் கணவர் சின்ன லொறி ஒன்றில் கடைகளுக்கு மரக்கறி கொண்டுபோய்ப் போடுவார். ஒரு பனிக்காலத்தில் லொறி தெருவில் அகப்பட்டு, வெண்டிக்காயெல்லாம் அழுகிப்போனது. அன்றிலிருந்து மனுசனுக்கு ஒரே பைத்தியம். லொறியின் முன்னால் பூட்டிப் பனியைத் தள்ளுகிற இரும்புத் தகடு வாங்கியே தீரவேண்டும்.

எப்போதாவது பனி கொட்டுகிற ஊரில் இது எதற்கு என்று சொந்தபந்தம் எல்லாம் சிரித்தது. வாங்குவதே வாங்குகிறோம், பெரியதாக வாங்குவோமே என்றேன் நான். பிள்ளைக்குச் சட்டை எடுத்தாலும் இரண்டு அளவு கூட்டி எடுக்கிற ஆட்களல்லவா நாங்கள்.

"இஞ்சரும், பெரிசைப் பூட்டினா பாரத்தில முன்சில்லு அமந்து போம். எங்கடை ரோட்டில ரெண்டு பக்கமும் கார் நிக்குது, அதுக்குள்ளாலை போகவும் வேணுமெல்லே" என்றார்.

பழைய சாமான் விற்கிற இடமெல்லாம் அலைந்து, லொறியைவிடக் கொஞ்சமே அகலமான ஒன்றைக் கொண்டுவந்து பூட்டினார். விளிம்பில் ரப்பர் வைத்தது. தெரு மேட்டில் இடித்தாலும் உடையாதாம். தோசைக்கல்லைக் கட்டிவிட்ட மாதிரி இருக்கிறது என்று நான் வாய் ஓயாமல் நக்கலடித்தேன்.

அந்த மாசியில் என் தங்கைக்குக் கல்யாணம். அப்பா அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வர வழியில்லை. பெண் நடந்து வருகிற வழியில் வெள்ளைத் துணி விரிப்பது எங்கள் வழக்கம், நிலபாவாடை என்போம். அதை விரிக்கவும் ஆளில்லையே என்று முதல்நாள் தங்கை குறைப்பட்டாள். லண்டனில் அதெல்லாம் ஏலாது என்று சொல்லிவிட்டேன்.

விடிந்து கதவைத் திறந்தால் தெருவையே காணவில்லை. கார்களெல்லாம் வெள்ளை மேடுகள். ஒரு சத்தம் இல்லை. அப்படியொரு அழகைப் பார்த்துப் பயந்தது அன்றைக்குத்தான். கல்யாண மண்டபம் லண்டனின் மறுபக்கம், ஸ்ட்ரெதத்தில். ஒழுங்குபண்ணிய கார் வராது என்று போன் வந்தது. முகூர்த்தம் தப்பப்போகிறது என்று தங்கை பட்டுச்சேலையோடு படியில் இருந்து அழுதாள்.

"அழாதை பிள்ளை. அத்தான் கொண்டுபோய் விடுறன்" என்று சொல்லிவிட்டு இவர் லொறியைக் கிளப்பினார்.

தகடு பனியைச் சுருட்டிக்கொண்டு போனது. தகட்டுக்கும் இரண்டு பக்கத்துக் கார்களுக்கும் இடையில் ஒரு சாண்தான் இடைவெளி. ஒரு காரிலும் உரசவில்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். சத்தம் கேட்டுக் கதவுகள் திறந்தன. ஒருநாளும் முகம் கொடுத்துப் பேசாத சனம், மண்வெட்டியும் குப்பை அள்ளுகிற தட்டுமாக வந்து, ஒதுங்கிய பனியை அள்ளத் தொடங்கியது. பெரிய தெருவுக்கு வழி திறந்துவிட்டது. அங்கே ஏற்கெனவே உப்புப் போட்டிருந்தார்கள்.

லொறி வாசலுக்குத் திரும்பி வந்தது. படியிலிருந்து அதுவரைக்கும் ஒரே சேறு. அப்போது எதிர்வீட்டு வெள்ளைக்காரி ஓடிவந்தாள். கையில் தன் கட்டிலில் விரிக்கிற வெள்ளை விரிப்பு. சேலை நனையக்கூடாது என்று, எங்கள் படியிலிருந்து லொறிவரை அதை விரித்துவிட்டு ஒதுங்கி நின்றாள். எங்கள் வழக்கம் அவளுக்கு எங்கே தெரியும்?

"அக்கா" என்றாள் தங்கை. சேலையைத் தூக்கிப் பிடித்தபடி, அந்த வெள்ளையில் மெல்ல நடந்துபோய் ஏறினாள்.

தாலி நேரத்துக்கே ஏறியது. ஊரில் உறவு சூழ விரிக்கவேண்டிய துணியை, பெயர்கூடத் தெரியாத ஒருத்தி தன் கட்டிலிலிருந்து உருவிவந்து விரித்தாளே, அதை நினைத்தால் இன்றும் என் கை தானாகக் கும்பிடுகிறது.