அவுரிச் சாயமும் என் ஓரகத்தியும்

துணிக்குச் சாயம் ஏற்றுவதைப் பத்து நாளில் கற்றுக்கொள்ளலாம். கூடக் கற்றுக்கொள்கிறவள் நம்மைவிட நன்றாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் ரொம்ப நாள் ஆகும். தாங்கள் கூட்டிக்கொண்டு போனவளிடமே தோற்றவர்கள் உங்களில் இருந்தால், என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

துணைக்கு வந்தவள்

சூரமங்கலத்தில் ஒரு டீச்சர் ஷிபோரி சொல்லிக்கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டேன். ஜப்பான்காரர்களின் வேலை அது. துணியை மடித்து, நூலால் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் முக்கினால், கட்டிய இடம் வெள்ளையாக நிற்கும். மல்லசமுத்திரத்திலிருந்து தனியாகப் போகத் தயங்கி, பக்கத்து வீட்டிலிருக்கும் என் கொழுந்தன் பெண்டாட்டி சுமதியையும் இழுத்துப் போனேன்.

நான் ஸ்கேல் வைத்துப் புள்ளி குறித்துக் கட்டினேன். அவள் டீச்சரோடு பேசிக்கொண்டே கை போன போக்கில் கட்டினாள். அவுரித் தொட்டியிலிருந்து எடுத்தபோது இரண்டும் பச்சையாக இருந்தன. காற்றுப் பட்டதும் நீலமாயின. பிரித்துப் பார்த்தால் என்னுடையது கட்டம் போட்ட லுங்கி. அவளுடையதில் குளத்தில் மழை விழுந்த மாதிரி வட்டம் வட்டமாக. எல்லோரும் அதைப் போனில் படம் பிடிக்க, சுமதி என்னிடம் சொன்னாள்: "சும்மாதானுங்க்கா கட்டுனேன்!"

சொல்லாமல் விட்டது

அடுத்த வாரம் அவள் மகளுக்குக் காய்ச்சல், வகுப்புக்கு வரவில்லை. அன்றைக்குச் செண்டுமல்லிப் பூச் சாயம். துணியை முதலில் படிகாரத் தண்ணீரில் ஊறப்போட்டால்தான் மஞ்சள் நிற்கும். சாயந்திரம் வந்து கேட்டாள். பூவைக் கொதிக்கவைப்பதிலிருந்து எல்லாம் சொன்னேன், படிகாரத்தைத் தவிர. மறந்துபோய் அல்ல.

அவள் சேலை வெளுக்கட்டும் என்று காத்திருந்தேன். அவளோ பெரிய பாத்திரம் இல்லையென்று பழைய இரும்புச் சட்டியில் கொதிக்கவைத்திருக்கிறாள். படிகாரத்துக்குப் பதில் இரும்பே சாயத்தைப் பிடித்துக்கொண்டு, மஞ்சளைப் பச்சையாக்கிவிட்டது. கொடியில் பாசிப்பச்சையில் ஒரு சேலை ஆடியது. அவள் துவைத்துத் துவைத்துப் பார்த்தும் நிறம் போகவில்லை. என்னுடையது எல்லோருக்கும் வருகிற மஞ்சள். "நீங்க சொன்னபடியேதானுங்க்கா செஞ்சேன்" என்றாள்.

எருமப்பட்டி அம்மா

சாயம் போட்ட சேலைகளை இரண்டு பேரும் வீட்டிலேயே விற்க ஆரம்பித்தோம். எருமப்பட்டியிலிருந்து ஓர் அம்மா மகள் கல்யாணத்துக்குச் சேலை பார்க்க வந்தார். என்னுடையதை ஏழெட்டு விரித்துக் காட்டினேன். அவர் சுமதியின் சேலையைத் தொட்டு, "இந்தப் பச்சையில அஞ்சு வேணுமுங்க" என்றார்.

அதற்குள் சுமதி வகுப்பில் படிகாரத்தைத் தெரிந்துகொண்டிருந்தாள். படிகாரம் போட்டு, புதுச் சில்வர் அண்டாவில் முக்கினாள். மஞ்சள்தான் வந்தது. மறுநாளும் மஞ்சள். மூன்றாம் நாள் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேவிட்டாள். எனக்குக் குளுகுளுவென்று இருந்திருக்க வேண்டும், இல்லை. "படிகாரம் வேண்டாம், இரும்புச் சட்டியில வெய்யி. அன்னைக்கு நான் வேணும்னேதான் சொல்லாம உட்டேன்" என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "இன்னும் எதையெதைச் சொல்லாம வெச்சிருக்கீங்க்கா? நல்லா வருதே!"

இப்போதும் சேர்ந்துதான் பஸ் ஏறுகிறோம். சன்னலோரச் சீட்டை எனக்கே விட்டுக்கொடுத்துவிடுகிறாள், அந்த நல்ல குணமும் எனக்குப் பொறுக்கவில்லை.