மஞ்சள் பட்ட நோட்டு

என் கடவுச்சீட்டு உறையின் பின்மடிப்பில் பழைய மலேசிய ஐம்பது வெள்ளி நோட்டு ஒன்று இருக்கிறது. நான்கு மூலைகளிலும் செங்கல் நிறத்தில் கறை. மகனைப் பார்க்க மெல்பர்ன் போகும்போதெல்லாம் அதுவும் என்னோடு போய்த் திரும்பி வருகிறது. "காசெல்லாம் மாத்திக்கிட்டு அலையாதீங்கம்மா. கார்டு போதும் லா, இங்க மெஷின்ல எடுத்துக்கலாம்" என்று மகன் ஒவ்வொரு முறையும் சொல்கிறான். நான் கேட்பதில்லை. பயணத்துக்கு வெகு நாள் முன்பே பணம் மாற்றும் கடைக்குப் போய்விடுவேன். அங்கே உட்கார நாற்காலி போட்டிருக்கிறார்கள். என்னால் உட்கார முடியாது. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பெண் என் நோட்டுகளைப் புரட்டிப் பார்த்து முடிக்கும்வரை அவள் விரல்களையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

உட்காராமல் இருப்பது எனக்கு என் அத்தையிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். அப்பாவின் தங்கை. பத்தாங் பெர்ஜுந்தாய் என்ற சிற்றூருக்கு உள்ளே தள்ளி இருந்த, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கினாள். கணவன் இறந்த பிறகு, பிள்ளையும் இல்லாததால், தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் லயத்து வீட்டோடு வந்துவிட்டாள். தேத்தண்ணியை நின்றுகொண்டுதான் குடிப்பாள். சோறு தின்னும்போதும் ஒரு காலை வாசற்படியில் வைத்திருப்பாள், யாரோ கூப்பிடப் போகிறார்கள் என்பது போல. "உனக்கு என்ன கால்ல சக்கரமா கட்டியிருக்கு?" என்று அம்மா கேலி செய்தால், "உக்காந்தா எந்திரிக்க யாரு கை கொடுப்பா?" என்று பதில் வரும்.

துறையூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அத்தைக்கு ஓர் அக்கா இருந்தாள். தாத்தா மலாயாவுக்குக் கப்பலேறியபோது சின்னப் பிள்ளைகளை மட்டும் அழைத்துக்கொண்டு, மூத்தவளைச் சித்தப்பா வீட்டில் விட்டுவிட்டு வந்தாராம். அதற்குப் பிறகு அக்காளும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை. துறைமுகத்துக்குப் புறப்பட்ட அன்று அக்கா தனக்குத் தலை வாரிவிட்டதும், பின்னலை இழுத்து இழுத்து முடிந்ததில் வலித்ததும் மட்டும்தான் அத்தைக்கு ஞாபகம். என் அப்பாவும் இறந்த பிறகு, தன்னைச் சிறுபிள்ளையாகப் பார்த்த ஒரே ஆள் அந்த அக்காதான் என்று அடிக்கடி சொல்லத் தொடங்கினாள். பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டாள், எனக்கும் எடுக்க வைத்தாள். பயணத்துக்கென்று சேர்த்த பணத்தை அரிசி டின்னுக்குள் வைத்திருந்தாள். அது ஒன்றுதான் அவள் சொத்து. பொன் என்று சொல்ல ஒரு குண்டுமணிகூட அவளிடம் கிடையாது.

எண்பதுகளின் நடுவில், நான் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தபோது, அந்தத் தந்தி வந்தது. பெரிய அத்தைக்கு உடம்பு மோசம், உடனே வரவும். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு ஓடினேன். டிக்கெட் கிடைத்துவிட்டது. இந்திய ரூபாய்க்கு எங்கே போவது என்று கோலசிலாங்கூரில் தெரிந்த துணிக்கடைக்காரரைப் போய்க் கேட்டோம். அவர் ஊருக்கும் இங்குமாகப் போய் வருகிறவர். "ரூபாயா இங்கேருந்து கொண்டு போகக் கூடாதும்மா. வெள்ளியாவே எடுத்துட்டுப் போங்க. மெட்ராஸ் ஏர்போர்ட்டுலேயே மாத்திக் கொடுப்பாங்க" என்றார். வேலை சுலபமாக முடிந்தது என்று திரும்பினோம்.

புறப்படுகிற அன்று காலை அத்தை பணம் முழுவதையும் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு எடுத்துக்கொண்டு போனாள். நான் வைத்திருந்த நோட்டுகளையும் வாங்கிக்கொண்டாள். தட்டில் பரப்பி, அம்மன் முன் வைத்து, குழைத்த மஞ்சளை விரலால் தொட்டு, ஒவ்வொரு நோட்டின் நான்கு மூலையிலும் வைத்தாள். "மொய்ப் பணத்துக்கே மஞ்ச வைக்கிறோம். கடல் தாண்டுற பணத்துக்கு வைக்க வேணாமா?" என்றாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எங்கள் பக்கத்தில் மஞ்சள் இல்லாத நோட்டைப் பார்ப்பதுதான் அரிது. செகிஞ்சான் ஊர் மீன் கடையில் ஈரமும் செதிலும் ஒட்டிய நோட்டைத்தான் மிச்சச் சில்லறையாகத் தருவார்கள். பணம் பணம்தானே என்றிருந்தோம்.

மெட்ராஸில் இறங்கியபோது முற்பகல். பணம் மாற்றும் ஜன்னலில் இருந்தவர் முதல் நோட்டை எடுத்தார், வைத்தார். அடுத்ததை எடுத்தார். பிறகு கட்டை விசிறி போல் விரித்துப் பார்த்துவிட்டு வெளியே தள்ளினார்.

"கறை பட்ட நோட்டு எடுக்க மாட்டோம்மா."

"கறையா? அம்மன் பாதத்துல வெச்ச மஞ்ச லா சார்!" என்றாள் அத்தை.

"எனக்குப் புரியுதும்மா. வெளிநாட்டு நோட்டு, திருப்பி அனுப்பிடுவாங்க. என் சம்பளத்துல பிடிப்பாங்க."

அவர் கெட்டவர் இல்லை. எங்கள் முகத்தைப் பார்த்து அவருக்கே சங்கடமாக இருந்தது. என் பையில் கிடந்த சில்லறையை நீட்டினேன். நாணயம் வாங்குவதில்லை என்றார். ஒரு பை நிறையப் பணம் இருந்தது, பஸ்ஸுக்குக் கொடுக்க ஒரு ரூபாய் இல்லை. அத்தைக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. பையிலிருந்து சவுக்காரக் கட்டியை எடுத்துக்கொண்டு, நான் தடுப்பதற்குள் குழாயடிக்கு ஓடிவிட்டாள். மஞ்சள் பட்ட இடத்தில் சவுக்காரம் பட்டால் சிவந்துவிடும். வாழ்நாளெல்லாம் துணி துவைத்தவளுக்கு அது தெரியாதா? அந்த அவசரத்தில் மறந்துபோனாள். கையில் மூன்று நோட்டுகளோடு திரும்பி வந்தாள். மூலையெல்லாம் சிவப்பு. "அய்யோ புள்ள, பாழாக்கிட்டேன்டி" என்றாள்.

மஞ்சள் கறைக்கு வெயில்தான் மருந்து. வெளியே மதில் ஓரமாக அவளுடைய மாற்றுப் புடவையை விரித்து, நோட்டுகளைப் பரப்பி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு கூழாங்கல் வைத்தோம். வாடகைக்கார் ஓட்டிகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் மட்டும், காக்கை வந்து கொத்திவிடும் என்று காவலுக்கு நின்றார். அத்தை அப்பளத்தைத் திருப்புவது போல நோட்டுகளைத் திருப்பிப் போட்டபடி புடவையைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். "சீக்கிரம் போ, சீக்கிரம் போ" என்று மஞ்சளைத்தான் விரட்டினாளா, நேரத்தையா, எனக்குத் தெரியவில்லை. எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. அந்த வெயிலை நான் வெறுத்தேன், இன்னும் கொஞ்சம் காய்ந்தால் என்ன என்று கெஞ்சவும் செய்தேன். சாயங்காலம் ஜன்னலுக்கு வேறு ஆள் வந்தார். மஞ்சள் வெளுத்திருந்த நோட்டுகளைப் பெருமூச்சோடு வாங்கிக்கொண்டார். சிவந்த மூன்றையும் தொடவே இல்லை.

மறுநாள் காலை ஊர்போய்ச் சேர்ந்தபோது தெருமுனையிலேயே பறைச் சத்தம் கேட்டது. பெரிய அத்தையைத் திண்ணைக்கு வெளியே பந்தலில் கிடத்தியிருந்தார்கள். மலாயாவிலிருந்து தங்கச்சி வருகிறாள் என்று எடுக்காமல் வைத்திருந்தார்களாம். யாரோ ஒரு பெண் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "நேத்து பொழுது சாயுற வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்துச்சும்மா. வந்துட்டாளா, வந்துட்டாளான்னு கேட்டுது. அப்பறந்தான் அடங்குச்சு" என்றாள். அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். பொழுது சாயும்வரை நாங்கள் எங்கே நின்றிருந்தோம் என்பது அத்தைக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அத்தை அழவில்லை. ஒரு சீப்பு கேட்டு வாங்கி, நின்றபடியே குனிந்து, அக்காவின் நரைத்த தலையை மெதுவாக வாரிவிட்டாள். கருமாதி முடியும்வரை அந்த வீட்டு வேலையெல்லாம் அவளேதான் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தாள்.

திரும்பி வந்த வாரம் மளிகை வாங்க பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் போனோம். நாங்கள் வழக்கமாகப் போகும் சீனர் கடை. கையில் வேறு பணம் இல்லாததால் அத்தை அந்த மூன்று சிவப்பு நோட்டுகளில் ஒன்றை நீட்டினாள். கடை முதலாளி அதைப் பார்க்கக்கூட இல்லை. யாரிடமோ பேசிக்கொண்டே வாங்கி டின்னுக்குள் போட்டுவிட்டு, மிச்சத்தை அவள் கையில் வைத்தார்.

அத்தை அந்த மிச்சத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "வாங்கிக்கிட்டான் புள்ள" என்றாள். "பாக்காமயே வாங்கிக்கிட்டான்." பிறகு, கடை வாசலில் கிடந்த அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். அவள் அப்படி ஓரிடத்தில் தளர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். கடைக்காரர் பதறிப்போய், மிச்சம் குறைவாகக் கொடுத்துவிட்டோமோ என்று டின்னைத் திறந்து இன்னொரு நோட்டை எடுத்து நீட்டினார். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, நான்தான் கை கொடுத்து அத்தையைத் தூக்கிவிட்டேன்.

மிச்சமிருந்த இரண்டில் ஒன்று எப்படிச் செலவானது என்று நினைவில்லை. மற்றதை என்னிடம் கொடுத்தாள். "நீ வெச்சுக்க. அத பாக்க எனக்குத் தெம்பு இல்ல" என்றாள். சென்ற மாதம் பணம் மாற்றப் போனபோது, உறையிலிருந்து மற்ற நோட்டுகளோடு அதுவும் வந்துவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் அதை மட்டும் தனியாக எடுத்து, கறையைப் பார்த்துவிட்டு, "இது எடுக்க முடியாது ஆண்டி" என்று திருப்பித் தந்தாள். தெரியும் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். கூட்டம் இருந்தது, உட்காருங்கள் என்று நாற்காலியைக் காட்டினாள். நின்றுகொண்டேதான் இருந்தேன்.