கொழுஞ்சிக்கு வைத்த பேர்

எனக்கு வயது எழுபத்து மூன்று. பெற்று வளர்த்தது ஐந்து பேரை. மேய்த்து வளர்த்த ஆடுகளுக்குக் கணக்கில்லை. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். எனக்கு அவசரமும் இல்லை. மனதில் நிற்பது ஒரு பழைய செய்தித்தாள். அதன் மூலையில் என் பேரை நானே எழுதினேன்.

கரிவலம்வந்தநல்லூர் போகும் வழியில் ஒரு பொட்டலில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தேன். கல்லூரியிலிருந்து ஒரு சார் செடி சேகரிக்க வந்தார். செடியைப் பிடுங்கிச் செய்தித்தாளுக்குள் விரித்து, பலகை வைத்து இறுக்கிக் கட்டுவார். லென்ஸ் வைத்து இலையின் மயிரைக்கூடப் பார்த்து, இது இன்ன குடும்பம், இன்ன இனம் என்று பிரிப்பார். அப்படிப்பட்டவர் கொழுஞ்சிச் செடியை எல்லாம் ஒரே கட்டில் வைத்தார்.

"சார், இது ரெண்டும் வேற. இத ஆடு கடிக்கும். அத மோந்து பாத்துட்டு நவுந்துரும்" என்றேன்.

"ஆடு எந்தக் காலேஜ்ல படிச்சிச்சி?" என்று சிரித்தார்.

மறுவாரம் சிரிப்பில்லாமல் வந்தார். காயைப் பிளந்து பார்த்தாராம், வேறுதானாம். எந்தப் புத்தகத்திலும் இல்லாத செடியாம். புதிதாக ஒன்றைப் பிடுங்கித் தாளில் வைத்தவர், "கண்டுபிடிச்சது நீங்கதான், பேர எழுதுங்க யக்கா" என்று பேனாவைத் தந்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினேன். செடியோடு என் பேரும் போகிறது என்று ஐந்து பிள்ளைகளிடமும் சொன்னேன்.

செடி காய்ந்ததும் தாளை எறிந்துவிட்டு அட்டையில் ஒட்டுவார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? செடிக்குச் சார் தன் வாத்தியார் பேரை வைத்தார். அந்த மனிதர் எங்கள் பொட்டலை மிதித்ததே இல்லை. சார் அடுத்த முறை வந்தபோது, என் பேர் எங்கே என்று கேட்டேன்.

"சங்கரன்கோயில்ல தடுக்கி விழுந்தா ஒரு கோமதி. எந்தக் கோமதின்னு யாரு தேடப் போறா, யக்கா?"

"காட்டுல எத்தன கொழுஞ்சி நிக்கி. இது மட்டும் வேறன்னு தேடுனியல்லா?"

செடிக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

இப்போது பேத்தி செடிப் படிப்புப் படிக்கிறாள். அந்த அட்டையைக் கம்ப்யூட்டரில் காட்டினாள். சேகரித்தவர் என்று சார் பேர். கீழே சின்ன எழுத்தில், 'உள்ளூர்ப் பெண் ஒருத்தி காட்டியது'. இலையின் மயிர்வரை பிரித்துப் பார்த்தவருக்கு, பெண் என்பதற்கு மேல் என்னைப் பிரிக்கத் தெரியவில்லை.

இந்த முறை தாளின் நடுவில் எழுதியிருக்கிறேன்: கோமதி. ஏட்டி பேத்தி, முதலிலிருந்து வாசி. என் பேர் வரும் இடத்தில் சத்தமாக வாசி.