அக்காவுக்கு ஏடு தொடக்கிய கணினி

எங்கள் வீட்டில் கெட்டிக்காரி என்றால் அக்காதான். வகுப்பில் முதலாம் பிள்ளை. எழுதுகிற கொப்பியில் ஒரு வெட்டுக்கூட இராது. நானோ அழிறப்பரால் தேய்த்துத் தேய்த்தே தாளில் ஓட்டை போடுகிறவள். சண்டை ஓய்ந்திருந்த அந்த வருடங்களில் கிளிநொச்சியில் கணினி வகுப்புத் தொடங்கி, அப்பா எங்களை ஸ்கந்தபுரத்திலிருந்து சைக்கிளில் ஏற்றிப்போய் விட்டபோது, கதை தலைகீழானது. நான் கண்ட விசையை எல்லாம் அமுக்கினேன். அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு படம் பார்ப்பதுபோல இருந்தாள்.

"தொட்டுப் பாரன் அக்கா."

"பிழைச்சுப் போச்செண்டா?"

இனி வரமாட்டேன் என்று அப்பாவிடமும் சொல்லிவிட்டாள். "விஜயதசமி மட்டுமாவது போ பிள்ளை" என்றார் அவர். அவள் வகுப்பை விட்டு நின்றால் என்னையும் மறித்துவிடுவார்கள். அக்காவைவிட நான் நன்றாகச் செய்த முதல் காரியமே கணினிதான்.

விஜயதசமியன்று ரீச்சர் ஜெனரேற்றரை இயக்கி, கணினிக்குச் சந்தனப் பொட்டு வைத்தார். "இன்னும் தொடாத ஆக்களுக்கு இண்டைக்கு ஏடு தொடக்கிறம்."

சின்னப் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதுவிக்கிற சடங்கு அது. தொடாதவள் அக்கா ஒருத்திதான்.

"நான் என்ன பால்குடியோ?" என்று எழும்பினாள். நான் விடவில்லை, அவளுடைய சுட்டுவிரலைப் பிடித்து இழுத்தேன்.

"பாருங்கோடி, தங்கச்சி அக்காவுக்கு ஏடு தொடக்கிறா!" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொல்ல, வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பில் பிடி வழுக்கி, விரல் பக்கத்து விசையில் பட்டு, திரையில் 'அ'வுக்குப் பதிலாக 'இ' வந்து நின்றது.

அக்காவின் முகம் வெளிறியது. "பழுதாக்கிப் போட்டியேடி!"

நான் அழிக்கிற விசையைத் தட்டினேன். அக்கா குனிந்து திரையை விரலால் தடவினாள். "எங்கயடி போனது? அடையாளமே இல்லை!"

"அது அப்பிடித்தான்."

பிறகு அவளாகவே ஒரு எழுத்தைப் பிழையாக அடித்தாள், அழித்தாள். ஒரு வரி முழுக்கப் பிழை, பிறகு ஒரு வரி முழுக்க வெள்ளை. "எழும்புங்கோ அக்கா, எங்களுக்கும் வேணும்" என்று சின்னதுகள் கெஞ்சியும் கதிரையை விடவில்லை. கண்ணால் நீர் ஓடுகிறது, வாய் சிரிக்கிறது. அடுத்த கிழமை அப்பா சைக்கிளை எடுக்க முன்னமே வேலிப் படலையடியில் நின்றாள்.

வெற்றி எனக்குத்தான். ஓர் எழுத்து அழிந்ததற்கு ஆராவது அழுவினமோ என்று வழியெல்லாம் நக்கலடித்தேன். பிழையே விடாத பிள்ளையாக இருப்பது எவ்வளவு களைப்பு என்று எனக்கு எப்படித் தெரியும்? அப்படி இருக்கச் சொல்லி என்னிடம் ஒருவரும் கேட்டதில்லையே.