பெடலில் பூட்டிய பாதம்

எங்கள் அம்மா வீட்டு டைல்ஸ் தரையில் நான் இந்த ஷூவைப் போட்டுக்கொண்டு நடந்த முதல் நாள், சமையலறையிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடிவந்தார். "இன்னாடி இது, வூட்டுக்குள்ள குதுர வந்த மாதிரி சத்தம்?" என்றார். பிரான்சில் இந்தச் சத்தத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ரொட்டிக் கடை வரிசையிலேயே நாலு பேர் இப்படி டக் டக்கென்று வந்து நின்றுகொண்டிருப்பார்கள். அம்மாவின் ஊரான வில்லியனூரில் அந்த ஒரு சத்தத்துக்கு எதிர் வீட்டுக்காரர் வந்தார், பக்கத்து வீட்டு நாய் வந்தது, கடைசியில் என் தங்கை ரோசி வந்து ஷூவைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். அடிப்பாகத்தில் கட்டைவிரலுக்குக் கீழே, கெட்டி பிளாஸ்டிக்கில் முக்கோணமாக ஒரு துண்டு மூன்று திருகாணிகளால் முடுக்கப்பட்டிருந்தது. அதற்குக் கிளீட் என்று பெயர். பெடலில் வைத்து அழுத்தினால் 'கடக்' என்று பூட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விட்டுவிடும்.

"அப்ப சைக்கிளோட கால சேத்துக் கட்டிக்கிறியா?" என்றாள் ரோசி. "வுழுந்தா?"

"விழமாட்டேன்."

இந்த வார்த்தையை ரோசி பிறகு வெகுநாள் சொல்லிக் காட்டினாள்.

நான் கல்யாணமாகி பிரான்சுக்குப் போனவள். என் கணவர் வீடு சொல்தா வீடு. அவருடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த காரணத்தால் பேரன் கையில் அந்த ஊர்ப் பாஸ்போர்ட், பேரன் கையைப் பிடித்துக்கொண்டு நான். லியோனுக்கு வெளியே ஒரு சின்ன ஊரில், முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறேன். ஞானஸ்நானத்தில் எனக்கு வைத்த செலின் என்ற பெயர் அந்த ஊரில் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிறது. ஆனால் போன புதிதில் அந்தப் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிடத்தான் யாரும் இல்லை. வேலையிடத்தில் 'மதாம்', கடையில் 'மதாம்', மாடியில் குடியிருப்பவருக்கு 'அந்த இந்தியப் பெண்மணி'. கூட வேலை செய்யும் சில்வி ஒருநாள் தன் பழைய சைக்கிளைக் கொடுத்து, பெண்கள் மட்டும் போகும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிட்டாள். ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது பின்னாலிருந்து "ஆலே, செலின்! ஆலே!" என்று கத்துவார்கள். போ, போ என்று அர்த்தம். அந்த ஊரில் என் பெயரை அத்தனை பேர் சேர்ந்து கத்தியது அப்போதுதான்.

அந்தச் சந்தோஷத்துக்குத்தான் முழங்காலில் வினை வந்தது. பூட்டும் பெடலுக்கு மாறிய கொஞ்ச நாளில் வலது முழங்காலின் வெளிப்பக்கம் ஊசி குத்துவதுபோல வலிக்க ஆரம்பித்தது. கால் விரல்கள் மரத்துப்போயின. சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரர் தாடியைத் தடவிக்கொண்டு ஷூவைக் காட்டி, "சே லா கல்" என்றார். பிரச்சினை கல்தான் என்கிறாரே, இத்தனை நாள் இது தோன்றாமல் போயிற்றே என்று உடனே ஷூவைக் கழற்றிக் கவிழ்த்து உதறினேன். ஒன்றும் விழவில்லை. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மரியாதைக்காகவோ என்னவோ, இன்னொரு ஷூவை வாங்கித் தானும் உதறினார். கிளீட்டுக்கு அவர்கள் மொழியில் 'கல்' என்று பெயர் என்பது அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அவர் என்னைச் சைக்கிளில் உட்காரவைத்து, கேமராவில் படம் பிடித்து, இரண்டு பாதமும் ரயில் தண்டவாளம்போல நேராக இருக்கும்படி முடுக்கினார். திரையில் பார்க்க அத்தனை அழகு. "சௌகரியமாக இருக்கிறதா?" என்று கேட்டார். "உய்" என்றேன். ஆமாம் என்று அர்த்தம். புரிந்தாலும் 'உய்', புரியாவிட்டாலும் 'உய்', வலித்தாலும் 'உய்'. நம்மில் பல பேர் இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே அங்கே குடும்பம் நடத்துகிறோம்.

வலி கூடியது. டாக்டர், இப்படியே போனால் சைக்கிளை விட்டுவிட வேண்டியதுதான் என்றார். என் கணவர், "அப்பாடா, ஞாயித்துக்கிழம சோறு கெடைக்கும்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. கோடையில் எங்கள் கூட்டம் ஒரு மலைக் கணவாய்க்கு ஏறப்போகிறது. போன முறை பாதியில் இறங்கி, சாமான் வண்டியில் வாழைப்பழக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மேலே போனவள் நான். இந்த முறை பெயர் கொடுக்கட்டுமா என்று சில்வி கேட்டிருந்தாள். ஊரிலிருந்து சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, ஷூவையும் பெடலையும் புடவைகளுக்கு நடுவே சுருட்டி எடுத்துவந்தேன்.

ரோசியின் வீட்டுக்காரர் அந்தோணி சர்க்கரை குறையட்டும் என்று ஒரு கியர் சைக்கிள் வாங்கியிருந்தார். சர்க்கரை குறையவில்லை. சைக்கிளில் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. துண்டை எடுத்துவிட்டு என் பெடல்களை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். நம்பிக்கையில்லாமல் ரோசி ஸ்கூட்டியில் பின்னாலேயே வந்தாள்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு பெரிய கூட்டமே வண்டியை அணைத்துவிட்டு, பார்க்க ஒன்றுமில்லாமல் நின்றுகொண்டிருந்தது. நான் போய் நின்றேன். காலை எடுக்கக் குதிகாலைத் திருப்பினேன். முழங்காலில் சுரீர் என்றது. கால் வரவில்லை. ஓடாத சைக்கிளில் இரண்டு பாதமும் பூட்டியபடி, மெதுவாக, மிக மெதுவாக, வேரறுந்த வாழை மரம்போலச் சாய்ந்தேன்.

"ஐயோ, கால் மாட்டிக்கிச்சுபா!" என்று பால் கேன் வைத்திருந்த ஒருவர் ஓடிவந்தார்.

"மாட்டிக்கலண்ணா. நான்தான் மாட்டி வச்சிருக்கேன்."

"நீயேவா? இன்னாத்துக்குமா?"

"அப்பதாண்ணா நல்லா ஓட்டலாம்."

தரையில் கிடந்த என்னை அவர் மேலும் கீழும் பார்த்தார். "சரிம்மா," என்றார். அவ்வளவுதான். கேட் திறந்தும் கொஞ்ச நேரம் யாரும் கிளம்பவில்லை.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம். பின்னால் வந்த ரோசி திடீரென்று, "யக்கா, நில்லு. எங்க, அந்த ஷூவக் கழட்டிட்டு நட" என்றாள். கழற்றிவிட்டு நடந்தேன்.

"பாத்தியா? ஒனக்குப் பாதம் ரெண்டும் வெளிய பாக்குது. இஸ்கூல்ல ஒன்ன வாத்துன்னுதான கூப்புடுவாங்க? சைக்கிள்ல மட்டும் ஏன் மிலிட்டரிக்காரன் மாதிரி நேரா வச்சிருக்க?"

கேமராவில் படம் பிடித்த கடைக்காரரிடம், எனக்கு வாத்துக் கால் என்று பிரெஞ்சில் சொல்ல வார்த்தை இருந்தது. சொல்லலாம் என்றுதான் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் வாசலில் வேலை ஆரம்பமானது. என்னை மேஜைமேல் உட்காரவைத்துக் காலைத் தொங்கவிடச் சொன்னார்கள். தொங்கிய பாதம் தானாகவே வெளிப்பக்கம் பார்த்தது. ரோசி தன் நெயில் பாலிஷால் கிளீட் இருந்த பழைய இடத்தைச் சுற்றிக் கோடு போட்டாள். அந்தோணி ஆலன் கீயால் திருகாணியைத் தளர்த்தி, கிளீட்டின் மூக்கை வெளிப்பக்கம் திருப்பி முடுக்கினார். பூட்டிப் பார்த்தால் என் பாதம் இன்னும் உள்ளே மடங்கியது.

"வாத்தப் புறா ஆக்கிட்டாருடி ஒன் வூட்டுக்காரரு" என்றார் அம்மா, தொலைக்காட்சித் தொடரை விட்டுவிட்டு.

பெடல் அசையாது, கிளீட்டை எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அதற்கு எதிர்ப்பக்கம் ஷூ திரும்பும் என்பது எங்களுக்கு விளங்கச் சண்டையும் காபியும் தேவைப்பட்டன. மூக்கைக் கட்டைவிரல் பக்கம் திருப்பினோம். பாதம் தன் பாட்டுக்கு வெளியே பார்த்தது. விரல் மரத்துப்போகாமல் இருக்கக் கிளீட்டைக் குதிகால் பக்கம் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினோம். தெருமுனைவரை ஓட்டுவேன், திரும்பி வருவேன், "ஒரு நூலு" என்பேன், அந்தோணி ஒரு நூல் அளவு தள்ளுவார்.

"வலிக்கிதாக்கா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டார்.

"ஆமாம், இன்னும் வலிக்குது" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். அப்படிச் சொல்வது எனக்கே புதிதாக இருந்தது. நெயில் பாலிஷ் கோட்டைவிட்டுக் கிளீட் நன்றாக விலகியபோது, தெருமுனைக்குப் போன நான் திரும்பாமல் அடுத்த தெருவுக்கும் போய்விட்டேன். மறுபடி எங்கேயோ விழுந்துவிட்டேன் என்று ரோசி ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தேடிவந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் பாகூருக்குப் புறப்பட்டோம். மங்கலம் தாண்டி, கரிக்கலாம்பாக்கம் தாண்டி, வயலுக்கு நடுவே எதிர்க்காற்றில் மிதித்தேன். வலி வரும் வரும் என்று காத்திருந்தேன். எப்போது காத்திருப்பதை நிறுத்தினேன் என்று தெரியவில்லை. முழங்கால் இருப்பதே மறந்துபோயிற்று. ரோசி பக்கத்தில் வந்து, "வாத்து பறக்குதுடோய்!" என்று கத்தினாள். அவளோடு நான் இப்படிச் சிரித்துக்கொண்டு ஒரு சாலையில் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது.

ஏரிக்கரையில் நின்று தண்ணீர் குடித்தபோது செல்பேசி அதிர்ந்தது. சில்வி. 'பெயர் கொடுக்கட்டுமா? நீ எப்போது வீட்டுக்கு வருகிறாய்? இங்கே எல்லோரும் கேட்கிறார்கள்.' எழுதிய பதிலில் இரண்டு எழுத்துப்பிழை. அனுப்பிவிட்டேன். பெயர் கொடு, இந்த முறை வண்டியில் வாழைப்பழம் மட்டும் வரட்டும் என்று.

"யாருக்கா?"

"சில்வி. எப்ப வீட்டுக்கு வரேன்னு கேக்கறா."

ரோசி ஸ்கூட்டியைக் கிளப்பினாள். ஒரு நொடி ஏரியைப் பார்த்தாள்.

"அவ கெடக்கறா. வெயில் ஏறுது, வா, வூட்டுக்குப் போலாம்" என்றாள்.

வலது காலைப் பெடலில் வைத்து அழுத்தினேன். 'கடக்' என்று பூட்டிக்கொண்டது. இடது கால் இன்னும் பாகூர் மண்ணில் ஊன்றியிருந்தது.